நிலவறையில் ஒரு ஜலதாரை

கனடா தேசத்து டொராண்டோ நகரில் ஒரு வீட்டைத் தெருவில் நின்று பார்ப்பவர்கள் அதன் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறார்கள். மற்றொரு பகுதி மண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது. இதற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல, குளிர். பனிக்காலம் வந்துவிட்டால் அந்த ஊரில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து கட்டியாகிறது. தண்ணீர் உறையும்போது பருமனில் பெருகும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிந்த விஷயம். அப்படிப் பெருகுகின்ற மண், மேலாக இட்ட அஸ்திவாரத்தை வீட்டோடு சேர்த்துத் தூக்கிவிடும். ஆகவே உறைபனி எட்டாத ஆழத்தில், அதாவது ஏறக்குறைய நாலு அடிக்குக் கீழே, அஸ்திவாரம் போட வேண்டியிருக்கிறது. நாலு அடி தோண்டினவர்கள் இன்னும் மூன்று நாலு அடி தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடுகிறதல்லவா? அந்த அறைக்குத்தான் பேஸ்மெண்ட் என்று பெயர். நாம் நிலவறை என்று சொல்லலாம்.

ஆதியில் நிலவறையில் மனிதர்கள் வசிக்கவில்லை. வீட்டைச் சூடாக்கும் பெரிய அடுப்பும், அதற்கு வேண்டிய நிலக்கரியும், பனிக்காலத்துக்கென்று சேமித்த உருளைக்கிழங்கும்தான் அங்கே குடியிருந்தன. பிறகு நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. எண்ணெய் போய்க் காஸ் வந்தது. கரிக்கிடங்கு காலியாயிற்று. காலி இடத்தைச் சும்மா விட்டுவைக்க மனிதனுக்கு மனம் வருமா? சலவை யந்திரம் அங்கே இறங்கிற்று. பிள்ளைகள் விளையாடும் கூடமாயிற்று. கடைசியில் குடக்கூலிக்கு விடும் பகுதியாகவும் ஆயிற்று. இலங்கையில் 1983-ஆம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின்னர் கனடா சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல, டொராண்டோவின் கீழ்த்திசையில் உள்ள ஸ்கார்பரோவில் முதல் முதலாகக் குடித்தனம் வைத்தது இத்தகைய நிலவறைகளில்தான். ‘பேஸ்மெண்ட்’ என்ற சொல் அவர்களுடைய தமிழில் திண்ணை, முற்றம் என்பவற்றைப் போலச் சகஜமாகிவிட்டது.

ஒரு குடும்பம் கீழே வசிப்பதென்றால் அதற்கு ஸ்நான அறை வேண்டும். மாடிப்படி ஏறி மேல்வீட்டுக்காரரின் அறையில் எத்தனை நாள் குளிப்பது? ஆகவே நிலவறையில் ஒரு ஷவர் அமைப்பது என்று தீர்மானிக்கிறார்கள். ஷவர் என்பது வேறொன்றுமில்லை. தோட்டத்தில் செடிகளுக்கு நீர் தெளிக்கும் பூவாளியைத் தலைக்கு மேலே மாட்டிவிட்டது போன்ற சாதனம். அது மேலிருந்து நீரைக் கொட்டும் சங்கதி சுலபமானது. நகரத்துக் குழாய் நீர் அழுத்தத்தோடு வருகிறது. எங்கே திருப்பினாலும் அங்கே போகும். கொட்டிய நீர் வெளியேறும் சங்கதிதான் கடினம். அதைத் தள்ளுவதற்கு ஒருவரும் இல்லை. பூமியின் ஆகர்ஷணம் ஒன்றே அதற்குத் துணை. அந்தத் துணையும் கீழ்நோக்கி மட்டும்தான் அழைத்துச் செல்லும். நிலவறையோ ஏற்கெனவே வீட்டின் கடைசிக் கீழ்ப்படி. அதற்கும் கீழே எங்கே போவது?

மேல்மாடி ஸ்நான அறையானால் தரைக்கு அடியில் மரச் சட்டங்களுக்கு இடையே குழாய் தொங்குகிறது. பலகையைப் பெயர்த்தால் வேலை செய்யலாம். பிழை நேர்ந்தால் திருத்தலாம். நிலவறையின் தரை அப்படியல்ல. அது மண்ணின் மேல் நேராக வார்த்த மூன்று நாலு அங்குலக் காங்கிரீட்டு. அதை உடைத்து, மண்ணைத் தோண்டி, குழாயைப் புதைத்து, மறுபடியும் காங்கிரீட்டு ஊற்றி மூடவேண்டும். மூடிய பிறகு அந்த வேலையை யாரும் பார்க்கப் போவதில்லை. சுவருக்கு ஒட்டும் ஓடுகளின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் செலவிடுகிறவர்கள், தரைக்குள் போகும் குழாயைப் பற்றி மூன்று நிமிஷம்கூடப் பேசாமல் இருப்பதைக் காண்கிறோம். கண்ணுக்குத் தெரிவதற்கே செல்வாக்கு அதிகம்.

முதலில் அறிய வேண்டியது, வீட்டின் பிரதான சாக்கடைக் குழாய் எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பது. பெரும்பாலான வீடுகளில் அது நிலவறைத் தரைக்குக் கீழேதான் தெருவை நோக்கிப் போகும். நம் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்று சொல்லும் சரிவு இங்கே உயிர்நாடி. கனடாவிலும் அமெரிக்காவிலும் சிறிய குழாய்களுக்கு 50-க்கு ஒன்று வாட்டம் என்பது பொதுவான கணக்கு. ஷவரிலிருந்து பிரதான குழாய் 3 மீட்டர் தூரத்தில் இருந்தால், அங்கே போய்ச் சேரும்போது குழாய் 6 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இதனோடு ஷவருக்கு நேர் கீழே வரும் வளைவின் ஆழத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே தோண்டுவதற்கு முன்னரே, பிரதான குழாயின் மட்டத்தை ஓரிடத்தில் திறந்து அளந்து பார்ப்பவர்தான் புத்திசாலி. சில பழைய வீடுகளில் பிரதான குழாய் நிலவறைத் தரைக்கு மேலே சுவர் வழியாக வெளியேறுகிறது. அங்கே எவ்வளவு தோண்டியும் பயனில்லை. தரைக்குள் ஒரு தொட்டி வைத்து, அதில் சேரும் கழிவு நீரை மின்சாரப் பம்ப் கொண்டு மேலே ஏற்ற வேண்டியதுதான். மின்சாரம் நின்றால் ஸ்நானமும் நிற்கும்.

வாட்டம் என்பது மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று யாரும் நினைக்கவேண்டாம். நாலாயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முன் சிந்து நதி தீரத்து மொகஞ்சதாரோவில் வீட்டுக்கு வீடு செங்கல் பதித்த ஸ்நான மேடை இருந்தது. அது ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருந்தது. அந்த மூலையிலிருந்து நீர் தெருவின் மூடிய சாக்கடைக்குப் போயிற்று. ஆனால் அந்தக் கொத்தர்களிடம் இல்லாத ஒன்று பிற்காலத்தில் வந்தது. அதைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

நீர் வெளியே போக வழி வைத்தால் அந்த வழியாக வேறு ஏதாவது உள்ளே வரும் அல்லவா? சாக்கடை ஒரு வழிப் பாதை அல்ல. அதில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. முன்னது அழுகிய முட்டையின் நாற்றம் உடையது; அதிகமானால் ஆளைக் கொல்லும். பின்னது தீப்பற்றக் கூடியது. இவற்றை வெளியே நிறுத்திவிட்டு நீரை மாத்திரம் போகவிடுகின்ற கதவு ஒன்று வேண்டும். 1775-ஆம் வருஷத்தில் லண்டனில் தொழில் நடத்திய அலெக்ஸாண்டர் கம்மிங் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் இதற்கு ஓர் உபாயம் கண்டு உரிமைப் பத்திரம் பெற்றார். அவர் பிளம்பர் அல்ல, கடிகாரம் செய்பவர். குழாயை ஒரு பாம்பைப் போல வளைத்துவிட்டார், அவ்வளவுதான். வளைவின் பள்ளத்தில் எப்பொழுதும் கொஞ்சம் நீர் தங்கும். மேலிருந்து வரும் நீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் வாயு அதைத் தாண்டி வர முடியாது. கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, துருப்பிடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. கதவே தண்ணீர்!

இன்று உலகமெங்கும் தொட்டிகளுக்கும் தரைத் துவாரங்களுக்கும் கீழே இந்த வளைவு இருக்கிறது. பிளம்பர்கள் இதை ‘டிராப்’ என்கிறார்கள். நம் ஊர்க் குளியலறைத் தரையில் பதிக்கும் நஹானி டிராப்பும் இந்த இனம்தான். கனடாவின் கட்டடச் சட்டப்படி இதில் நிற்கும் நீரின் ஆழம் குறைந்தது 38 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்; அதாவது ஒன்றரை அங்குலம். ஒரு கை நீர் என்றே சொல்லலாம். நிலவறை ஷவருக்காகச் செய்கின்ற வேலைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கை நீரைக் காப்பாற்றும் வேலைதான் என்பது நம் அபிப்பிராயம்.

இது அற்ப விஷயம் என்று தோன்றினால் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். 1871-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்ட் என்று முடிசூடியவர், யார்க்ஷையர் கடற்கரையில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கினார். ஊர் திரும்பியதும் டைபாய்டு ஜுரத்தில் விழுந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அதே மாளிகையில் தங்கிய செஸ்டர்பீல்டு பிரபுவும், இளவரசரின் குதிரைக்காரர் ஒருவரும் இறந்துபோனார்கள். பழி அம்மாளிகையின் சாக்கடை மீது விழுந்தது. அரண்மனைக்கு நேர்ந்தது என்றதும் இங்கிலாந்து முழுவதும் பணக்காரர்கள் தங்கள் வீட்டுத் தரைகளைப் பெயர்த்துக் குழாய்களைப் பார்வையிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடற்கரை ஊரின் பெயர் என்ன தெரியுமா? ஸ்கார்பரோ. கனடாவில் நம் தமிழர்கள் குடியேறிய ஸ்கார்பரோவுக்கு அதன் பெயரையே 1793-இல் வைத்தார்கள்!

டைபாய்டு, சாக்கடைக் காற்றினால் வருவதில்லை. அசுத்தமான நீராலும் உணவாலும் வருவது என்பது பின்னர் நிச்சயமாயிற்று. ஆகவே அந்தக் காலத்துப் பயம் பாதி மூட நம்பிக்கை என்று வைத்திய நிபுணர்கள் சிரித்தார்கள். ஆனால் 132 வருஷங்கள் கழித்து அவர்களுடைய சிரிப்பு நின்றது. 2003-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஸார்ஸ் நோய் பரவிற்று. நோயுற்ற ஒருவர் அங்கே வந்து தங்கிப் போனார்; அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. ஏப்ரல் மத்திக்குள் அக்குடியிருப்பில் 321 பேருக்கு நோய் கண்டுவிட்டது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஒருவரையொருவர் சந்தித்தவர்கள் கூட அல்ல. பலரும் ஒரே செங்குத்துக் குழாயைச் சுற்றி மேலும் கீழுமாக வசித்தவர்கள்.

ஹாங்காங் அரசாங்கத்தார் ஆராய்ந்தபோது தெரியவந்தது இது: ஒவ்வொரு குளியலறைத் தரையிலும் ஒரு துவாரமும் அதன் கீழே ஒரு வளைவும் இருந்தன. தரையை நீர் ஊற்றிக் கழுவியிருந்தால் வளைவில் நீர் நின்றிருக்கும். குடியிருந்தவர்கள் ஈரத் துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டார்கள். வளைவு வறண்டுவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆவியை வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டதும், அந்த விசிறி காற்றுக்கு வேறு வழி காணாமல் தரைத் துவாரத்தின் வழியாகச் சாக்கடைக் குழாயிலிருந்தே இழுத்தது. காற்றோடு நோய்க் கிருமி கலந்த நுண்துளிகளும் வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை நீர் இல்லாமற்போனதால் வந்த வினை! நிலவறை ஸ்நான அறையிலும் மின்விசிறி இல்லாமல் தீராது. ஜன்னல் சிறிது, ஆவி தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அங்கேயும் வளைவு வறண்டால் இதே நாடகம் நடக்க இடமுண்டு.

வளைவு நீருக்குச் சத்துருக்கள் இருவர். ஒருவன் உறிஞ்சுகிறவன்; மற்றவன் உலர்த்துகிறவன். முதலில் உறிஞ்சுகிறவனைப் பார்ப்போம். மேல்வீட்டில் கழிவறைத் தொட்டியின் நீர் ஒரேயடியாகக் கீழே விழும்போது, குழாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பிஸ்டனைப் போல இறங்குகிறது. அதற்குப் பின்னால் காற்று குறைந்து வெற்றிடம் போல ஆகிறது. அந்த வெற்றிடம் அருகில் உள்ள வளைவுகளின் நீரை உறிஞ்சிவிடும். குழாயில் ‘களகள’ என்று ஒரு சத்தம் கேட்கும். அத்துடன் கதவு திறந்தாயிற்று. இதைத் தடுக்க ஒவ்வொரு வளைவுக்கும் அருகில் ஒரு மூச்சுக் குழாய் வைக்கவேண்டும். அது சுவருக்குள்ளே ஏறிக் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். அதன் வழியாகக் காற்று வந்து வெற்றிடத்தை நிரப்பிவிடுவதால் வளைவு நீர் அசையாது.

தாமாகவே வேலை செய்யத் துணிகிற வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த மூச்சுக் குழாயில்தான். “தண்ணீர் போகிற குழாய் சரி, தண்ணீரே போகாத குழாய் எதற்கு?” என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. நீர் முதல் நாள் நன்றாகவே போகும். ஒரு மாதமும் போகும். நாற்றம் வரும்போது தரை மூடியிருக்கும், ஓடு பதித்திருக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. வளைவிலிருந்து மூச்சுக் குழாய் வரையில் செல்லும் துண்டு, மொத்தத்தில் தன் விட்டத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் மூச்சுக் குழாயின் வாய் வளைவு நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். நீரே அந்த வாயை அடைத்துக்கொண்டு, தன்னைத்தானே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு அங்குலக் குழாயை 50-க்கு ஒன்று வாட்டத்தில் போட்டால் 100 அங்குலத்துக்குள் மூச்சுக் குழாய் வந்துவிட வேண்டும் என்று கணக்கு வருகிறது. சட்டம் இதைவிடக் குறைந்த தூரம் விதித்திருக்கும் ஊர்களில் அதுவே பிரமாணம். வாட்டம் நல்லதென்றால் இன்னும் அதிக வாட்டம் இன்னும் நல்லது என்று கொள்ளக்கூடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கனடாவில் மூச்சுக் குழாய்க்கும் குளிரால் ஆபத்து வருகிறது. சாக்கடையின் ஈர ஆவி கூரைக்கு வெளியே வந்ததும் உறைந்து, குழாயின் வாயைச் சுற்றிலும் பனியாகப் படிந்து, சில சமயம் அதை அடைத்தே விடும். ஆகவே கூரைக்கு வெளியே நீட்டுகிற இடத்தில் குழாயைப் பெரிதாக்கிவிடுகிறார்கள்.

இனி வேலை நடக்கும் விதம். டொராண்டோவில் புதிதாகக் குழாய் புதைப்பதற்கு நகராட்சியின் அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும், வெட்டவேண்டிய பாதையைத் தரையில் கோடிட்டு, வைர ரம்பத்தால் இரு பக்கமும் அறுத்து, நடுவே உள்ளதை யந்திர உளியால் உடைக்கிறார்கள். ரம்பத்தின் மீது நீர் விட்டுக்கொண்டே அறுப்பது அவசியம். காங்கிரீட்டுத் தூளில் உள்ள சிலிகா நுரையீரலுக்குள் போனால் திரும்பி வருவதில்லை. கல்லுடைக்கும் தொழிலாளரை வாட்டும் அதே நோயை உண்டாக்கும். மூடிய நிலவறையில் இரண்டு மணி நேரம் உலர்ந்த ரம்பம் ஓடினால், வீட்டின் வெப்பக் காற்றுக் குழாய்கள் அந்தத் தூளை மேல்மாடித் தொட்டில் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

பள்ளம் தோண்டியானதும் பிரதான குழாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, ஒய் எழுத்தின் வடிவத்தில் உள்ள இணைப்பைப் பொருத்துகிறார்கள். நேர்குறுக்காக இணைத்தால் நீர் எதிர்ச் சுவரில் மோதித் தயங்கும். சாய்வாக இணைத்தால் வாய்க்கால் ஆற்றில் கலப்பதுபோல் கலக்கும். குழாய், ஏ.பி.எஸ். என்னும் கறுப்புப் பிளாஸ்டிக்கினாலானது. இரண்டு அங்குல விட்டம் வைப்பது வழக்கம். தற்காலத்து ஷவரிலிருந்து நிமிஷத்துக்கு ஏழெட்டு லிட்டர் கொட்டுகிறது. அதற்கு இது தாராளம். ரசமட்டம் வைத்து அடிக்கு அடி வாட்டம் பார்த்து, குழாயின் அடியில் மணலோ சிறு ஜல்லியோ இட்டுக் கெட்டிக்கிறார்கள். அடியில் வெற்றிடம் இருந்தால் குழாய் ஒருநாள் தொய்யும். தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் தலைமயிரும் சோப்பும் சேரும்.

இந்த நிலையில், ஒரு பிடி மண்ணும் போடுவதற்கு முன்னால், பரிசோதனை நடக்கவேண்டும். குழாயின் கீழ்வாயை அடைத்து, மேலே 3 மீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தி, 15 நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீர் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து இதையும் வாட்டத்தையும் மூச்சுக் குழாயையும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மூடலாம். இந்த இன்ஸ்பெக்டரைப் பற்றிப் பொதுவாக ஜனங்களுக்கு நல்ல எண்ணம் கிடையாது. அவர் வரும் வரையில் இரண்டு மூன்று நாள் பள்ளத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும், கூலி ஏறும், மனைவி கோபிப்பாள். ஆனாலும் அந்த வீட்டுத் தரைக்குள் இருப்பதை வேலை செய்தவரைத் தவிர வேறொரு மனிதர் கண்ணால் பார்த்தார் என்றால் அவர் ஒருவர்தான். பத்திரம் வாங்காமல், இராத்திரியோடு இராத்திரியாக உடைத்து மூடிய நிலவறைகளும் உண்டு. அவற்றில் குடக்கூலிக்கு வருகிறவர்களுக்குத் தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

மூடும்போது குழாயைச் சுற்றி இடைவெளி விடாமல் அடைப்பதும் முக்கியம். ரேடான் என்னும் கதிர்வீச்சுள்ள வாயு மண்ணிலிருந்து கசிந்து நிலவறைகளில் தங்குவது அந்நாட்டில் சாதாரணம். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகையிலைக்கு அடுத்த காரணம் அதுவே என்று கனடா சுகாதார இலாகாவினர் எச்சரித்து வருகிறார்கள். சாக்கடை வாயுவை உள்ளே விடாமல் தடுத்துவிட்டு, பக்கத்துத் துவாரத்தில் மண் வாயுவை வரவேற்பது அழகல்ல.

தரை மூடியாயிற்று, இப்போது ஷவரின் அடித்தளம். ஓடும் அதன் இடுக்கில் தேய்க்கும் சாந்தும் நீரைத் தடுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை தடுப்பதில்லை, சற்றுத் தாமதப்படுத்துகின்றன. ஓட்டுக்குக் கீழே உள்ள சாந்துப் படுகையில் நீர் மெல்ல ஊறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே அதற்கும் கீழே நீர் புகாத விரிப்பு ஒன்று போடுகிறார்கள். அந்த விரிப்பும் சரிந்திருக்கவேண்டும். இங்கேயும் அதே 50-க்கு ஒன்று. ஊறிய நீர் விரிப்பின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து, ஜலதாரையின் கழுத்தில் உள்ள சிறு துவாரங்கள் வழியாகக் குழாய்க்குள் சொட்டும். ஓட்டின் மேலே தெரிகிற வலைமூடி ஒரு வாசல் என்றால், கண்ணுக்குத் தெரியாத இந்தத் துவாரங்கள் இரண்டாவது வாசல். அவசரக்காரரான கொத்தர் சாந்தைப் பூசும்போது இவற்றை அடைத்துவிட்டால், படுகை வருஷம் முழுவதும் ஈரமாகவே கிடந்து நாற்றமெடுக்கும். துவாரங்களைச் சுற்றிச் சிறு கூழாங்கற்கள் சில இட்டுவிட்டால் சாந்து அண்டாது. செலவு ஒன்றுமில்லை. இக்காலத்தில் விரிப்பை ஓட்டுக்கு நேர் கீழேயே ஒட்டுகின்ற முறையும் வந்திருக்கிறது. அதில் படுகை ஊறுவதே இல்லை. எந்த முறையானாலும், ஜலதாரையை அடைத்து, தளத்தில் நீர் கட்டி, ஒரு நாள் முழுவதும் வைத்துப் பார்த்த பிறகே ஓடு பதிப்பது நல்லது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்த வீட்டுக்கும் ஓர் அபாயம் பாக்கி இருக்கிறது. அது தெருவிலிருந்து வருவது. 2013-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி மாலையில் டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்குள் 126 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. 2024 ஜூலை 16-ஆம் தேதியும் நகரம் பெருமழையில் தத்தளித்தது. தெருச் சாக்கடைகள் நிரம்பி, நீர் வந்த வழியே வீடுகளுக்குத் திரும்பிற்று. அப்படித் திரும்புகிற நீர் வீட்டில் எந்தத் துவாரம் மிகத் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் முதலில் எழும்பும். நிலவறையில் ஷவர் வைத்தவர்கள், ஊராரின் சாக்கடைக்குத் தங்கள் வீட்டில் மற்றொரு வாய் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும். இதற்குப் பிரதான குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் கதவு ஒன்றை வைக்கிறார்கள். தெரு நீர் திரும்பி வந்தால் அதுவே தூக்கி அக்கதவை மூடிவிடும். இதைப் பொருத்துவதற்கு டொராண்டோ நகராட்சி வீட்டுக்காரர்களுக்கு உதவித் தொகையும் அளிக்கிறது. தரையை உடைக்கும் சமயத்திலேயே இதையும் பொருத்திவிட்டால் இரட்டைச் செலவு மிச்சம்.

ஆனால் கதவு மூடியிருக்கும்போது வீட்டு நீரும் வெளியே போகாது என்பதை மறந்துவிடக்கூடாது. வெளியே இடியும் மழையும். மேல்வீட்டில் பிள்ளை சாவகாசமாக ஷவரில் குளித்துக்கொண்டிருக்கிறான். சலவை யந்திரமும் சுழல்கிறது. அந்த நீரெல்லாம் மூடிய கதவில் மோதித் திரும்பி, நிலவறை ஷவரின் ஜலதாரை வழியாகப் பொங்கி, கீழே படுத்திருக்கும் அம்மம்மாவின் பாயை நனைக்கும். தெருச் சாக்கடை வரவில்லை. சொந்த வீட்டுச் சாக்கடை வந்துவிட்டது! பெருமழை பெய்யும்போது மேலே இருப்பவர்கள் குழாயைத் திறக்காமல் இருக்கவேண்டும். மேலே இருப்பவர் வீட்டுக்காரராகவும் கீழே இருப்பவர் குடக்கூலிக்காரராகவும் உள்ள இடங்களில் இதைக் கீழே இருப்பவர் சொல்லத் தயங்குவார். ஆகவே வீட்டைக் குடக்கூலிக்கு விடும்போதே வீட்டுக்காரர் தாமாகச் சொல்லி வைப்பதுதான் முறை.

கடைசியாக, உலர்த்துகிற சத்துரு. தினந்தோறும் குளிக்கிற ஷவரில் வளைவு நீர் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், கவலையில்லை. ஆனால் குடித்தனக்காரர் காலி செய்த பிறகு இரண்டு மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும் நிலவறையிலும், அடுப்பு அறையின் மூலையில் யாரும் கவனிக்காத தரைத் துவாரத்திலும் நிலைமை வேறு. கனடாவின் பனிக்காலத்தில் வெப்பக் காற்று ஓடுகிற வீட்டுக்குள் ஈரமே இராது. உதடு வெடிக்கும், மரச் சாமான் விரியும், வளைவு நீரும் ஆவியாகிவிடும். மாதம் ஒரு முறை ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு செம்பு நீர் விட்டால் போதும். நெடுநாள் ஊருக்குப் போகிறவர்கள் நீர் விட்ட பிறகு, அதன் மேலே சிறிது மினரல் எண்ணெயும் விட்டுப் போகலாம். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்வதால் கீழே உள்ள நீர் அவ்வளவு விரைவில் வற்றாது.